டேப்பட் சத்தமும் மூன்று ஓட்டைகளும்

(முன்னாள் மாணவர், ஆட்டோமொபைல் பிரிவு)

யூனியன் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தம்பிகள் வந்து நின்றபோது, "கவிதை எல்லாம் நமக்கு வராதுப்பா" என்றேன். "உங்களுக்கு என்ன வருமோ அதை எழுதுங்கண்ணே" என்றார்கள். எனக்கு வருவது டீசல் புகை. ஆகவே நான் செய்த ஒரு தப்பையும், செய்யாமல் தப்பித்த ஒரு தப்பையும் எழுதுகிறேன்.

அப்பாவிடம் ஒரு அம்பாசடர் டீசல் இருந்தது. 1489 சி.சி., பி.எம்.சி. காலத்து இன்ஜின். ஸ்டாண்டில் வாடகைக்கு ஓடும். அதில் டேப்பட் இரும்புக் கட்டிதான். கேம் தள்ள, புஷ்ராடு ஏற, மேலே ராக்கர் வால்வை அமுக்கும். ராக்கர் முனையில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். கவரைக் கழற்றியதும் அந்த ஸ்க்ரூ கண்ணில் பட்டால், இது கையால் அட்ஜஸ்ட் பண்ண வேண்டிய ஜாதி என்று தெரிந்துகொள்ளலாம். இடைவெளி 0.015 அங்குலம், பட்டறை பாஷையில் பதினஞ்சு தௌ. எட்டாவது வால்வு முழுக்க இறங்கியிருக்கும்போது ஒன்றாவதைப் பார்க்கணும், ஏழாவது இறங்கும்போது இரண்டாவதை. கூட்டினால் ஒன்பது வரணும், அவ்வளவுதான் கணக்கு.

2010-இல், இரண்டாம் வருஷம் படிக்கும்போது, கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டேன். ஆனால் "டிக் டிக்" சத்தம் பிடிக்கவில்லை. வண்டி பட்டு மாதிரி ஓடினால் அப்பா மெச்சுவார் என்று ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். சத்தம் போச்சு. மூன்றே வாரத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் முழுசாக உட்காராமல் ஓரம் கருகியிருந்தது. ஹெட் இறங்கியது, பத்து நாள் ஓட்டம் நின்றது, அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அப்பா திட்டவில்லை. "சத்தம் போடுற டேப்பட்டு சும்மா கெடக்கும்டா, சத்தமே போடாததுதான் வால்வைத் தின்னும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம்.

அடுத்த வருஷம் மாமா, டிராவல்ஸ் நடத்த, பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஒன்றை வாங்கினார். 1.9 டி.டி.ஐ. டீசல், 1896 சி.சி. வாங்கின ஆறாம் மாதம் தண்ணீர் டப்பா கொப்பளித்தது, வெள்ளைப் புகை வந்தது. கேஸ்கட் போச்சு. "மாப்ளே, டிப்ளமோ படிக்கிறியே, நீயே பாரு" என்றார்.

கவரைத் திறந்ததும் என் கை ஸ்க்ரூவைத் தேடியது. ஸ்க்ரூவும் இல்லை, ராக்கரும் இல்லை. கேம் நேராகக் கிண்ணம் கிண்ணமாக இருந்த டேப்பட்டுகளின் தலையில் உட்கார்ந்திருந்தது. அப்படி நேராக உட்காரும் இன்ஜின்களிலும் இரண்டு வகை உண்டு. பழைய ஃபோக்ஸ்வாகன் டீசல்களில் கிண்ணத்தின் தலையில் தனியாக ஒரு வட்டத் தகடு, அதாவது ஷிம், இருக்கும். இடைவெளி அளந்து தகட்டை மாற்றுவார்கள். இதில் தலை வழவழவென்று ஒரே துண்டு, பக்கத்தில் ஆயில் போகும் வழி. ஹைட்ராலிக். இடைவெளியை ஆயிலே பார்த்துக்கொள்ளும், நாம் அட்ஜஸ்ட் பண்ண ஒன்றுமில்லை. மரக் குச்சியால் டேப்பட்டை அமுக்கி, கேமுக்கும் அதற்கும் நடுவே 0.20 மி.மீ. ஃபீலர் தகடு நுழைந்தால் அது தேய்ந்தது என்று அர்த்தம். மூன்றில் நுழைந்தது. அந்த மூன்றுக்கும் புதுசு வாங்கினோம்.

கேஸ்கட்டை மாமாவே கடையில் வாங்கி வந்தார். ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை. வகுப்பில் சார் சொன்னது ஞாபகம் வந்தது: இந்த இன்ஜினுக்குக் கேஸ்கட் மூன்று தடிமனில் வரும், ஓட்டை எண்ணித்தான் வாங்கணும். டி.டி.சி.யில் பிஸ்டன் பிளாக்கை விட்டுக் கொஞ்சம் மேலே எட்டிப் பார்க்கும். 0.91 முதல் 1.00 மி.மீ. வரை என்றால் ஒரு ஓட்டை, 1.10 வரை இரண்டு, 1.20 வரை மூன்று. கம்ப்ரஷன் 19.5-க்கு 1. மேலே அவ்வளவு நெருக்கமான இடத்தில் தாள் கனம் கூடக் கணக்குதான். பழைய கேஸ்கட்டில் எத்தனை ஓட்டை என்று பார்க்கலாம் என்றால், அதை அத்தை பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்!

சனிக்கிழமை நம் மெட்ராலஜி லேபில் கெஞ்சிக் கூத்தாடி டயல் கேஜும் மேக்னடிக் ஸ்டாண்டும் வாங்கிப் போனேன். (லேப் அண்ணன் என் ஐ.டி. கார்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்.) நாலு பிஸ்டனையும் அளந்தேன். எது அதிகமோ அதுதான் கணக்கு. மூன்றாவது பிஸ்டன் 1.13 காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே 1.13. மூன்று ஓட்டை.

"எல்லாம் ஒரே கேஸ்கட்டுதான்னு கடைக்காரன் சொல்றானே" என்றார் மாமா. அம்பாசடர் கருகிய கதை அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்டவில்லை, முகத்தில் மட்டும் இருந்தது. நானும் விடவில்லை. மூன்று ஓட்டைக் கேஸ்கட்டும் புது ஹெட் போல்ட்டுகளும் ஞாயிறு மதியம் பஸ் பார்சலில் வந்தன. அந்த போல்ட் ஒரு தடவைதான். 40, 60 நியூட்டன் மீட்டர் வைத்து, பிறகு இரண்டு கால் சுற்று. இறுகும்போதே நீளும், மறுபடி போடக் கூடாது.

திங்கள் விடியற்காலை மாமாவுக்குக் கல்யாண சவாரி. வேலை முடியும்போது மணி மூன்று பத்து. "சாவியைக் குடு" என்றார்.

"அரை மணி நேரம் ஆகணும் மாமா."

புது ஹைட்ராலிக் டேப்பட் போட்டதும் உடனே சுற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ஆயில் இறங்கி டேப்பட் அடங்கணும். இல்லாவிட்டால் வால்வு முழுசாக மூடாமல் நின்று பிஸ்டனில் அடிக்கும். இதை விளக்க எனக்கு அப்போது பொறுமையும் இல்லை, அவருக்குக் கேட்க நேரமும் இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மாமா வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்தார். பெண் வீட்டார் இரண்டு தடவை போன் பண்ணினார்கள்.

மூன்று நாற்பதுக்குச் சாவியைத் திருப்பினேன். முதலில் "டக டக டக" என்று சத்தம். மாமா என்னைப் பார்த்தார். ஆயில் நிரம்புகிறவரை அப்படித்தான் என்று படித்திருந்தேன். ஆனாலும் உள்ளங்கை வேர்த்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அடங்கியது. மாமா ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸ் போட்டு, வெளியே எடுத்தார்.

அந்த ஒற்றை ஓட்டைக் கேஸ்கட்டைக் கவர் பிரித்தது என்று கடைக்காரர் திருப்பி வாங்கவில்லை. இன்றும் என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. புதுசாக வேலைக்கு வரும் பையன்களிடம் அதைக் கொடுத்து, "இதுல என்ன இருக்கு சொல்லு" என்று கேட்பேன். பாதிப் பேர் நாலு சிலிண்டரையும் எண்ணிவிட்டுத் திருப்பித் தருவார்கள்.