கடலிரும்பும் காத்திருப்பும்

திருகோணமலைத் துறைமுகத்தின் அடியிலிருந்தும் கிழக்குக் கரை மீனவரின் வலைகளிலிருந்தும் ஏறிவந்த மகாயுத்த காலத்துக் கப்பற் பொருள்களைச் சேகரித்துப் பேணுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்து, பார்வை மங்கியதால் இப்போது அதனைக் கைவிட நேர்ந்திருக்கும் எனக்கு, அண்மையில் ஒரு கண்காட்சித் திறப்புவிழாவில் பிரமுகர் ஒருவர் எங்கள் தொழிலைப் பழைய இரும்புக்கு மெருகேற்றும் வேலை என்று மேடையிலேயே வர்ணித்தது மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. பொருளை மேலே எடுப்பது ஒரு நாள் வேலை. எடுத்ததை அழியவிடாமல் நிறுத்துவதற்கு ஆண்டுகள் வேண்டும் என்பதை அந்தச் சபையில் எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

எனக்கு இந்த வித்தையைக் கற்பித்தவர், ரசாயனக் கூடமொன்றில் வேலை பார்த்து இளைப்பாறிய முதியவர். ஐயா என்றே அவரை அழைப்போம். சிஷ்யனாகச் சேர்ந்த என்னை அவர் நெடுங்காலம் இரும்பைத் தொடவிடவில்லை. தொட்டித் தண்ணீரைப் பரிசோதிப்பது ஒன்றே எனக்கிட்ட பணி. சலவைச் சோடாக் கரைசலில் பொருளை மூழ்கவைத்து, அதனை எதிர்முனையில் இணைத்து, சுற்றிலும் கம்பிவலையை நேர்முனையாக நிறுத்தி, மின்னோட்டத்தை மிகக் குறைத்து வைத்தால், ஊசிமுனை போன்ற குமிழிகள் மெல்ல மெல்ல எழும். அந்தத் தண்ணீரில் சிறிது எடுத்து, நைத்திரிக்கமிலம் சேர்த்து, வெள்ளி நைத்திரேற்று இரண்டொரு துளி விடவேண்டும். பால் கலந்தாற்போல் வெளுத்தால் உப்பு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே கரைசலைக் கொட்டிவிட்டு, புதிதாகக் கரைத்து ஊற்றி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். "தண்ணி தெளிவாய் நிக்கும் மட்டும் இரும்பை வெளியில எடுக்காதை, தம்பி" என்பார் ஐயா. வெளுப்பு அடங்கிய பிறகுதான் வடித்த நீரில் அலசுவதும், கடுக்காயில் உள்ள அதே துவர்ப்புச் சாரமாகிய தனிக்கமிலத்தைப் பூசிக் கருமையேற்றுவதும், மெழுகிடுவதும்.

எல்லாவற்றிலும் கொடியது வார்ப்பிரும்பு. அரை நூற்றாண்டுக்கு மேல் கடலடியில் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பெல்லாம் கரைந்தோடிவிட, பென்சிற் காரீயம் மட்டும் பழைய உருவம் குலையாமல் நிற்கும். மூலைகள் கூர்மையாகவும், வார்த்தவன் பொறித்த எழுத்துக்கள் தெளிவாகவும் இருக்கும். கையில் எடுத்தால்தான் கனம் போய்விட்டது தெரியும். பேனாக்கத்தியால் சீவலாம். வலையில் ஏறிய பம்பு உறையொன்றை வாங்கிய இளைஞர் ஒருவர், நான் எவ்வளவு சொல்லியும் கேளாமல், அதனை முற்றத்து வெயிலில் காயவைத்தார். நுண்துளைகளில் தங்கியிருந்த உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே புதுக் கறளைப் பெருக்க, மேற்புறத்தில் கபில நிறத் துளிகள் வியர்வையெனக் கசிந்தன. பின்னர் எழுத்துக்கள் பொறித்திருந்த தகடே பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்தது. கடல் காப்பாற்றி வைத்திருந்ததை வீட்டு முற்றம் அழித்தது. அமெரிக்க உள்நாட்டு யுத்தக் கப்பலான மொனிற்றரின் சுழல் கோபுரத்தை 2002இல் மேலே எடுத்த நிபுணர்கள், இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதனைத் தொட்டியிலேயே வைத்திருந்தார்கள் என்றால், இந்த அவசரத்தை என்னவென்று சொல்வது?

பித்தளையிலும் இதே கதைதான். வெடித்த பீரங்கிக் குண்டின் வெற்றுக்கோது கிடைத்ததும் அமிலத்தில் போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பொன்போல் ஆக்கிவிடுகிறார்கள். அதன் அடித்தட்டில் இருந்த ஆண்டும், பரிசோதகரின் முத்திரையும், பிரித்தானிய அரசாங்கச் சொத்தென்பதைக் குறிக்கும் அம்பு அடையாளமும் அந்தத் தேய்ப்பிலேயே மறைந்துபோகின்றன. எஞ்சுவது ஒரு பூச்சாடி. வெடிக்காத குண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகும் துணிச்சல்காரரைக் கண்டிருக்கிறேன். அதனைத் தொடாமல் கடற்படைக்கு அறிவிப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அன்றைக்கே, முந்திய இரவு துறைமுகத்தை விட்டுத் தன் விமானங்களின்றி வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு, அதனோடு 307 பேர் மாண்டனர். சுழியோடிகள் பலர் அங்கே போய்வந்து, வேண்டியதைக் கொண்டுவந்து தருவதாக என்னிடம் ஆசை காட்டியதுண்டு. அது மயானம் என்று சொல்லித் திருப்பியனுப்பினேன். அந்த மரியாதையும் உலகத்தில் அருகிவருகிறது. யாவாக் கடலில் 1942இல் மூழ்கிய டி ரொய்ட்டர், யாவா என்ற டச்சுப் போர்க்கப்பல்கள், பழைய உலோகத்துக்காக அடியோடு வாரியெடுக்கப்பட்டுவிட்டன என்பது 2016இல் வெளிப்பட்டது. மண்ணில் பள்ளங்களே மிஞ்சியிருந்தன.

சேகரிக்கப் புறப்படும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மாண்டவர்கள் கிடக்கும் கப்பலை அணுகாதீர்கள், மற்றவற்றையும், சட்டத்தின் அனுமதியும் நல்ல தொட்டியும் ஆண்டுக்கணக்கான பொறுமையும் கைவசம் இருந்தாலன்றித் தொடாதீர்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அந்தப் பொருளுக்கு உங்கள் வீட்டைவிடக் கடலே பத்திரமான இடம்.