பட்டா பெட்டிக்குள் ஒரு சான்றிதழ்

போன வாரம் பயிர்க்கடன் விஷயமா பழைய பத்திரம் ஒண்ணு தேட வேண்டியிருந்தது. பரண் மேல இருந்த தகரப் பெட்டியை இறக்கித் திறந்தேன். பட்டா, கிரயப் பத்திரம், எங்க அப்பா காலத்து கந்தாய ரசீது எல்லாம் ஒரு மஞ்சப்பையில கட்டி வெச்சிருந்தது. அதுக்கு நடுவுல, தனியா ஒரு பிளாஸ்டிக் கவர்ல மடிக்காம ஒரு காகிதம். எடுத்துப் பார்த்தா, பெரிய பொண்ணு எட்டாவது படிக்கறப்ப வாங்கின சான்றிதழ். வருவாய் மாவட்ட தடகளப் போட்டி, 2011. 80 மீட்டர் தடை ஓட்டம், இரண்டாம் இடம்.

வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "இதை யாரு இதுல வெச்சது?"ன்னு கேட்டேன். "நான்தான். பத்திரமா இருக்க வேண்டியதெல்லாம் அதுலதான வெப்போம்"னு சொல்லிட்டு அவ பாட்டுக்கு உள்ள போயிட்டா. நான் பத்திரம் தேடறதை விட்டுட்டு திண்ணையில உட்கார்ந்துட்டேன்.

இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் தக்காளி விலை, கேவுரு விதைப்பு, போர்வெல் கதைன்னுதான் எழுதியிருக்கேன். இன்னிக்கு வேற விஷயம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க ஊரு பாலக்கோடு பக்கம். எனக்கு இருக்கறது ரெண்டரை ஏக்கர். தண்ணி இருந்தா தக்காளி, இல்லன்னா கேவுரு, அவரை. பொண்ணு சின்னதுல இருந்தே ஆட்டுக்குப் பின்னாடி ஓடி வளர்ந்தவ. வரப்பு, வாய்க்கா, முள்ளு வேலி எது வந்தாலும் நின்னு யோசிக்க மாட்டா, ஒரே தாண்டு. "எங்க வீட்டு பி.டி. உஷா"ன்னு நானே கடைத்தெருவுல பெருமையா சொல்லுவேன். வேகமா ஓடற பொம்பளப் பிள்ளையைப் பார்த்தா உஷான்னு சொல்றது எங்க வயசுக்காரங்களுக்குப் பழக்கம்.

அதுக்குக் காரணம் 1984. எனக்கு அப்ப பதிமூணு வயசு. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல, பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்துல நம்ம உஷா நாலாவதா வந்தாங்க. அந்த ஓட்டத்தை ஒலிம்பிக்ல சேர்த்ததே அந்த வருஷம்தான். டீக்கடையில ஒருத்தர் பேப்பரை சத்தமா படிச்சார். மூணாவதா வந்த ருமேனியாக்காரங்க 55.41 விநாடி, உஷா 55.42. நூத்துல ஒரு பங்கு விநாடியில பதக்கம் போச்சு. "அது எவ்வளவு நேரம்?"னு ஒரு பெரியவர் கேட்டார். கண்ணு சிமிட்டற நேரம்கூட இல்லைன்னு சொன்னதும் கடையே அமைதியா ஆயிடுச்சு. வீட்டுல சாவு விழுந்த மாதிரி இருந்தது.

400 மீட்டர் தடை ஓட்டம்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். மைதானத்தை ஒரு முழுச்சுத்து சுத்தணும். வழியில பத்து தடை. ஒவ்வொண்ணும் 76.2 சென்டிமீட்டர், நம்ம கணக்குல ரெண்டரை அடி. முதல் தடை 45 மீட்டர்ல வரும். அப்புறம் 35 மீட்டருக்கு ஒண்ணு. கடைசித் தடைக்கு அப்புறம் 40 மீட்டர் ஓடணும். ரெண்டு தடைக்கு நடுவுல எத்தனை அடி வெக்கணும்னு எண்ணி ஓடுவாங்க. களைப்பு வந்து அடி சின்னதாச்சுன்னா எண்ணிக்கை குழம்பிடும், தாண்டற காலும் மாறிப்போகும். கால் பட்டு தடை விழுந்தா அதுக்காக ஆளை வெளிய அனுப்ப மாட்டாங்க, ஆனா வேகம் போயிடும். வேகமும் வேணும், மூச்சும் வேணும், கணக்கும் வேணும்.

உஷா பின்னால ஒரு பேட்டியில சொன்னதைப் படிச்சேன். ஒலிம்பிக் கிராமத்துல அவங்க வாய்க்குப் பழகின சாப்பாடு கிடைக்காம கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினாங்களாம். கடைசி முப்பத்தஞ்சு மீட்டர்ல தெம்பு விட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தாங்க. களி உருண்டை தின்னுட்டு ஏர் ஓட்டினவங்க நாங்க. வெறும் கஞ்சியை நம்பி வேலைக்குப் போனா மதியத்துக்கு மேல உடம்பு எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவங்க அதோட நின்னுடலை. 1986 சியோல் ஆசியப் போட்டியில 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம்னு நாலு தங்கம் வாங்கினாங்க.

இப்படியெல்லாம் உஷாவுக்காக வருத்தப்பட்டவன்தான் நான். இனி நான் செஞ்சதைச் சொல்றேன்.

பொண்ணு மாவட்டத்துல ரெண்டாவது வந்த ஒரு மாசம் கழிச்சு, அவ விளையாட்டு வாத்தியார் சாயங்காலம் டிவிஎஸ் வண்டியில வந்தார். நான் தக்காளி பெட்டி அடுக்கிட்டு இருந்தேன். வாத்தியாரும் ஒரு கை பிடிச்சு ரெண்டு பெட்டி அடுக்கினார். அப்புறம் மெதுவா விஷயத்துக்கு வந்தார். "பொண்ணுக்கு நல்ல கால் இருக்குதுங்க. அரசாங்க விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கறாங்க. தங்கறது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். செலக்‌ஷனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்"னார்.

நான் முடியாதுன்னுட்டேன்.

அப்ப என்ன காரணம் சொன்னேன்னு நினைச்சா இப்ப வெக்கமா இருக்குது. வயசுக்கு வர்ற பிள்ளையை ஊருவிட்டு ஊரு எப்படி அனுப்பறதுன்னேன். அரை டவுசர் போட்டு ஆயிரம் பேர் முன்னால ஓடணுமேன்னு எங்க அம்மா சொன்னதை நானும் சொன்னேன். சொந்தக்காரங்க என்ன பேசுவாங்கன்னேன். வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒண்ணும் இருந்தது. ஆடு பதினாறு உருப்படி. அவ போயிட்டா யாரு மேய்க்கறது?

வாத்தியார் வாதாடலை. "யோசிங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார். மூணாவது தடவை வரலை. பொண்ணு கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தா. அழலை. சாப்பிடாம இருக்கலை. மறுநாள் காலையில ஆட்டை ஓட்டிட்டுப் போனா. அதுக்கப்புறம் ஓட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூட பேசலை. நானும் மறந்துட்டான்னு நினைச்சுக்கிட்டேன். பிளஸ் டூ முடிச்சா. பத்தொம்பதுல கல்யாணம். இப்ப ஓசூர்ல இருக்கா, கம்பெனி வேலைக்குப் போறா, ஒரு பெண் குழந்தை.

2023 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. லீவுன்னு பொண்ணு ஊருக்கு வந்திருந்தா. திண்ணையில உட்கார்ந்து போன் பார்த்துட்டு இருந்தவ, "அப்பா, 55.42 ஓடிட்டாங்க"ன்னா. எனக்கு முதல்ல புரியலை. அந்த நம்பர் மட்டும் எங்கியோ கேட்ட மாதிரி இருந்தது.

சீனாவுல ஹாங்சோ ஆசியப் போட்டி. கோயம்புத்தூர் பொண்ணு வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றுல 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில ஓடியிருக்காங்க. 39 வருஷமா யாரும் தொடாத உஷாவோட தேசிய சாதனை, ஒரு புள்ளி கூடாம குறையாம அதே நேரம். மறுநாள் இறுதிப் போட்டியில 55.68 ஓடி வெண்கலம் வாங்கினாங்க. பஹ்ரைன்காரங்க தங்கம், சீனாக்காரங்க வெள்ளி. தொடர் ஓட்டத்துல பெண்கள் அணி, கலப்பு அணி ரெண்டுலயும் ஓடி ரெண்டு வெள்ளியும் வித்யாவுக்கு வந்தது. அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ல 4 x 400 தொடர் ஓட்டத்துலயும் ஓடினாங்க.

அவங்க ரெட்டைப் பிறவி. கூடப் பிறந்த நித்யா 100 மீட்டர் தடை ஓட்டக்காரங்க, அவங்களும் ஹாங்சோவுக்குப் போயிருந்தாங்க. ஒரே வீட்டுல இருந்து ரெண்டு பேர். வசதியான வீடும் இல்லை. அப்பா வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாத்தினவர்.

பொண்ணு இதையெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டினா. "பொறந்தது தொண்ணூத்தெட்டு. என் வயசுதாம்பா"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு போனைக் கீழ வெச்சுட்டுக் கேட்டா: "அந்த அப்பா மட்டும் எப்படிப்பா விட்டாரு? அதுவும் ரெண்டு பேரையும்."

கோவமா கேட்கலை. உண்மையிலேயே தெரிஞ்சுக்கற மாதிரி கேட்டா. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எழுந்து போயிட்டேன்.

என் பொண்ணு போயிருந்தா வித்யா மாதிரி ஆகியிருப்பான்னு நான் சொல்லலை. அவ ஒரு மாவட்டத்துல ரெண்டாவது வந்தவ. முதல் இடம் வந்த பிள்ளை என்ன ஆச்சுன்னே எனக்குத் தெரியாது. செலக்‌ஷன்லயே திரும்பி வந்திருக்கலாம். கால் பிசகிப் பாதியில விட்டிருக்கலாம். ஆனா அதை மைதானத்துல அவ கால் சொல்லியிருக்கணும், தக்காளி பெட்டி பக்கத்துல நின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. உஷாவுக்கு நூத்துல ஒரு பங்கு விநாடியில போச்சுன்னு நாடே இன்னும் பேசுது. எங்க வீட்டுல எத்தனை விநாடி போச்சுன்னு கணக்கே இல்லை.

நகரத்துல இருந்து படிக்கற உங்களுக்கு இது பழைய காலத்துக் கதை மாதிரி இருக்கும். 2011 ஒண்ணும் பழைய காலம் இல்லை. எங்க பக்கம் பள்ளிக்கூடம் முடிக்கறதுக்குள்ளேயே பொண்ணுக்குக் கல்யாணம் பேசற வீடு இன்னமும் இருக்குது. எங்க ஊர்ல அப்படிப் பேச்சு வந்தா, இப்பல்லாம் நானே போய் உட்கார்ந்து பேசறேன். சில வீட்டுல கேட்கறாங்க. சில வீட்டுல, "உன் பொண்ணை நீ அனுப்பினியா?"ன்னு திருப்பிக் கேட்கறாங்க. "அனுப்பலை, அதனாலதான் வந்திருக்கேன்"னு சொல்லுவேன்.

அன்னிக்கு ராத்திரி பொண்ணுக்கு போன் போட்டேன். "உன் சான்றிதழ் பெட்டியில இருக்குது கண்ணு. அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டுப் போறியா?"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அம்மா இன்னும் வெச்சிருக்கா?"ன்னா. அப்புறம், "அங்கயே இருக்கட்டும்பா, பட்டாவோட"ன்னா. போனை வெக்கப் போறப்ப, பாப்பா பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா வருதுன்னும், ஓட்டத்துக்குப் பேர் குடுத்திருக்கான்னும் சொன்னா.

"என்னிக்கு?"ன்னு கேட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை. அன்னிக்குத் தக்காளி எடுக்கற நாள். கூலி ஆளுக்குச் சொல்லி வெச்சுட்டேன். காலையில முதல் பஸ்ஸுக்கு ஓசூர் போறேன்.