பெலுமுட் மலையும் புதிய கணினியும்

குளுவாங் நகர மக்களுக்கு நன்கு அறிமுகமான மலை லம்பாக். விடுமுறை நாள் காலையில் குடும்பத்தோடு ஏறி, இறங்கி, பசியாறிவிட்டு வீடு திரும்புவோர் பலர். நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவில், ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் நிற்கும் பெலுமுட் மலைக்கு அந்த அளவுக்குக் கூட்டம் இல்லை. ஆயினும், ஜொகூர் மாநிலத்தின் நிலப்பட்டா ஒவ்வொன்றுக்கும் அந்த மலையோடு நெடுங்காலத் தொடர்பு உண்டு.

நில அளவையாளர் ஜொகூரின் எந்த மூலையில் எல்லைக்கல் நட்டாலும், அது பெலுமுட் மலையிலுள்ள அளவைப் புள்ளியிலிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் எனக் கணக்கிட்டே குறித்துவந்தார். இதற்குக் காசினி முறை என்று பெயர். அம்முறையில் பெலுமுட் என்பது சுழியம். குளுவாங் நகரம் அதற்கு மேற்கே இருப்பதால் அதன் கிழக்குத் தொலைவு எதிர்ம எண்ணாக வரும். குளுவாங் இரயில் நிலையத்தில் காப்பி குடித்துக்கொண்டிருப்பவர், கணக்குப்படி பார்த்தால், சுழியத்துக்குக் கீழே 27,000 மீட்டரில் அமர்ந்திருக்கிறார்!

நகரத் திட்டமிடுநர்கள் பயன்படுத்தும் வரைபடங்களுக்கோ வேறொரு கணக்கு. தீபகற்ப மலேசியா வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடப்பதால், அந்தச் சாய்வுக்கு ஏற்ப முழுத் தீபகற்பத்துக்கும் பொதுவான ஒரு கட்டமைப்பு உருவாக்கப்பட்டது. அதில் குளுவாங்கின் கிழக்குத் தொலைவு 5 லட்சத்து 90 ஆயிரம் மீட்டரை ஒட்டி வரும். ஒரே ஊருக்கு இரண்டு விதமான எண்கள். இரண்டுமே சரியானவை, ஆனால், ஒன்றை மற்றொன்றின் மேல் அப்படியே வைத்தால் பொருந்தா.

காகிதத்தில் வரைந்த காலத்தில் இது பெரிய சிக்கலாக இருந்ததில்லை. வரைவாளர் சாய்வுப் பலகையின் முன் நின்று, ‘டி’ வடிவ அளவுகோலை நகர்த்தி, ஒளி ஊடுருவும் தாளில் மையால் கோடு இழுத்தார். தவறிய கோட்டைச் சவர அலகால் சுரண்டி எடுத்தார். படி எடுக்கும் அறையில் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். பொறியாளரும் திட்டமிடுநரும் ஆளுக்கொரு தாளில் வேலை செய்தனர். இரண்டு தாளையும் இணைத்துப் பார்ப்பது மனிதக் கண்ணின் வேலை. அந்தக் கண் எளிதில் ஏமாறாது. ‘சாலை ஏன் ஆற்றுக்குள் போகிறது?’ என்று உடனே கேட்டுவிடும்.

கணினி வந்த கதை பலர் எண்ணுவதைவிடப் பழையது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து என்ற ஆய்வாளர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலை உருவாக்கி, ஒளிப்பேனாவால் திரையிலேயே வரைந்து காட்டினார். ஆனால், அதற்குத் தேவைப்பட்ட கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டது. சாதாரண அலுவலகத்தின் மேசைக்கு வரைவு மென்பொருள் வந்துசேர, 1982இல் தோன்றிய ஆட்டோகேட் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இன்றைய பணிநிலையக் கணினிகள் 5 கிகாஹெர்ட்ஸைத் தொடுகின்றன. அதாவது, துடிப்பின் வேகம் மட்டுமே ஆயிரம் மடங்கு கூடியிருக்கிறது.

வேகம் எதற்குப் பயன்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கணினி வாங்குவோர் ஏராளம். பொறியியலோ நகரத் திட்டமிடலோ படிக்கப் போகும் மாணவருக்குக் கடைக்காரர் பெரும்பாலும் விளையாட்டுக் கணினியையே காட்டுவார். அதன் விசைப்பலகை வண்ண விளக்குகளால் மின்னும். மின்னட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தட்டையான வரைபடம் வரைவதில் பெரும்பகுதியைச் செயலியின் ஒரே ஒரு கருவம்தான் செய்கிறது. அங்கே பதினாறு கருவங்கள் இருப்பதைவிட ஒரு கருவம் விரைவாக இருப்பதே மேல். கட்டடத்தை வெயிலும் நிழலுமாக உயிரோட்டத்துடன் காட்ட வேண்டுமானால் வரைகலை அட்டையின் ஆற்றல் தேவை. ட்ரோன் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களையோ லேசர் கருவி அளந்த கோடிக்கணக்கான புள்ளிகளையோ திறந்து பார்க்க வேண்டுமானால், எல்லாவற்றுக்கும் மேலாக நினைவகம் வேண்டும். இன்ன வேலைக்கு இன்ன உறுப்பு என்று தெரிந்தவர், குறைந்த விலையிலேயே நல்ல கணினியை வாங்கிவிடுவார்.

விலை உயர்ந்த வரைகலை அட்டையிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. திரையில் காட்சியை விரைந்து காட்டுவதற்காக, அது பெரும்பாலும் எண்களை 32 பிட் அளவில் கையாளுகிறது. அந்த அளவில் ஏறத்தாழ ஏழு இலக்கங்களே துல்லியமாக நிற்கும். 5 லட்சத்து 90 ஆயிரம் மீட்டர் என்ற எண்ணை அதில் அடக்கினால், அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி விழுந்துவிடும். திரையில் கோடுகள் நடுங்கும். கதவு நிலை சுவரைவிட்டு விலகித் தெரியும். மலாயா இரயில்வேயின் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலமே 1,000 மில்லிமீட்டர்தான். அங்கே 6 சென்டிமீட்டர் என்பது சிறிய அளவன்று. எனவே, அனுபவமுள்ள வரைவாளர் திட்ட இடத்துக்கு அருகிலேயே ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதைச் சுழியமாக வைத்து வரைகிறார். அது உண்மையான வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதை மென்பொருளில் தனியே பதிந்துவைக்கிறார். பெலுமுட் மலையில் அன்றைய அளவையாளர் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

2003இல் மலேசியா புதிய தேசிய அளவைத் தளத்துக்கு மாறியது. துணைக்கோள் வழி நிலையறியும் கருவிகளோடு பொருந்துவதற்காக இம்மாற்றம் செய்யப்பட்டது. பழைய தளத்தின் எண்களையும் புதிய தளத்தின் எண்களையும் வேறுபாடு பாராமல் கலந்தால், ஓரிடம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போய்விடும். இந்தப் பிழையைக் கணினி தானாகக் கண்டுபிடிக்காது. எத்தளத்தைச் சேர்ந்த எண் என்று சொல்லாமல் கொடுத்தால், அது தவறான இடத்தில் மிக அழகாக வரைந்து தரும்.

இன்றைய பொறியாளர்கள் தனித்தனித் தாள்களில் வேலை செய்வதில்லை. கட்டடத் தகவல் மாதிரி என்ற முறையில் தூண், நீர்க்குழாய், மின்கம்பி, காற்றோட்டக் குழல் யாவும் ஒரே முப்பரிமாண மாதிரியில் சேர்கின்றன. குழாய் ஒன்று உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு போனால் மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டும். சிமெண்டு ஊற்றிய பிறகு உடைப்பதைவிடத் திரையில் நகர்த்துவது மலிவானது. மலேசியப் பொதுப்பணித் துறை 2007 முதல் இம்முறையில் கவனம் செலுத்திவருகிறது. 2019 முதல் 10 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் மதிப்புள்ள அரசாங்கத் திட்டங்களுக்கு இது கட்டாயமானது. ஆனால், அனைவரும் ஒரே சுழியத்தை ஏற்றுக்கொண்டால்தான் மாதிரிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். பெரிய திட்டங்களில் எது பொதுப் புள்ளி என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிடுவது அதனால்தான்.

குளுவாங்கைக் கடந்து செல்லும் புதிய இரட்டைத் தண்டவாளம் இத்தகைய வேலையின் அளவை உணர்த்தும். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை 190 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம். 1909இல் போட்ட ஒற்றைத் தடத்தின் வழியில், பழைய நகரங்களையும் ஆறுகளையும் சாலைகளையும் கடந்து அது அமைக்கப்பட்டது. தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி. மேம்பாலத்துக்கும் அக்கம்பிக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. மழைநீர் ஓடுவதற்கு அடியில் கால்வாய். இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு குழுவினர் வடிவமைக்கின்றனர். மின்சார விரைவு இரயில் 2025 ஆகஸ்டு மாதம் 30ஆம் நாள் குளுவாங்கை எட்டியது; அதே ஆண்டு டிசம்பரில் ஜொகூர் பாருவை அடைந்தது.

எத்தனை திறன்மிக்க கணினியாக இருந்தாலும், கொடுக்கப்படாததை அது வரையாது. நிலப்பட்டா வரைபடத்தில் எல்லைகள் மட்டுமே இருக்கும். குளுவாங் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டமாகவும் செம்பனைத் தோட்டமாகவும் இருந்த நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகும்போது, திட்டமிடுநரின் திரையில் முதலில் தோன்றுவது ஒரு வெற்றுப் பலகோணம். லயத்திலிருந்து பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்த ஒற்றையடிப் பாதை அதில் இல்லை. மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளமும் இல்லை. தோட்ட மக்கள் கட்டிய கோயிலுக்குத் தனிப்பட்டா இல்லையென்றால், அதுவும் இல்லை. அந்தப் பலகோணத்தின்மீது சாலையை இழுத்துவிட மென்பொருளுக்கு ஒரு நொடி போதும். ட்ரோன் படத்தை அடியில் விரித்தால் கோயிலின் கூரை தெரியும். ஆனால், அது கோயிலா கொட்டகையா என்று கூரை சொல்லாது. யாராவது நேரில் போய்ப் பார்த்து, அங்குள்ளவரிடம் கேட்டு, மாதிரியில் பெயரிட்டுச் சேர்க்க வேண்டும். அந்த அரைநாள் நடைக்குச் செலவிட மனமில்லாத அலுவலகத்தில் எந்தப் புதிய கணினியாலும் பயனில்லை.

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்தின் உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் அதை எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அத்தகைய பார்வையிடலுக்குச் செல்பவர் வண்ணப் படத்தின் முன் நின்று முதலில் தம் வீட்டைத் தேடுவது இயல்பு. வீட்டைக் கண்டுகொண்டபின், வீட்டைச் சுற்றித் தாம் நாள்தோறும் காணும் பாதை, வாய்க்கால், கோயில் ஆகியவற்றையும் தேடலாம். அவை படத்தில் இல்லையென்றால், எந்த இடத்தில் இருக்கின்றன என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மென்பொருள் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.