அம்மாவுக்கே அடையாளம் தெரியலை!

நீங்க பாடின பாட்டைக் கேட்டுட்டு உங்க அம்மாவே, 'யாருப்பா பாடுறது?'ன்னு கேட்டா எப்படி இருக்கும்? என் ரூம்மேட்டுக்கு அப்படித்தான் ஆச்சு. குற்றவாளி... சாட்சாத் நானேதான்!

2007. காலேஜ்ல மூணாம் வருஷம். கல்ச்சுரல்ஸுக்காக நாங்களே எழுதி, மெட்டுப் போட்ட பாட்டு. ஹாஸ்டல் ரூம்தான் ஸ்டுடியோ. ஜன்னலுக்குப் போர்வை. ஃபேனை நிறுத்தினா வியர்வை, போட்டா இரைச்சல். பாடினவன் திருநெல்வேலிப் பையன். லேசான கரகரப்பு கலந்த குரல். போதாக்குறைக்கு அன்னிக்கு மூக்கடைப்பு. தள்ளிப்போட நேரம் இல்லாததால அப்படியே பாடிட்டான்.

ராத்திரி கேட்டுப் பார்த்தா, குரல் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தது. அப்போதான் சாஃப்ட்வேர்ல 'என்ஹான்ஸர்'னு ஒண்ணு என் கண்ணுல பட்டது. லேசா ஏத்தினேன். அடடா! குரல் பளிச்சுனு முன்னாடி வந்து நின்னுச்சு. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... குரலுக்குப் போட்டாச்சு, கிடாருக்கு வேண்டாமா? தபேலா என்ன பாவம் பண்ணுச்சு? விடியக்காலை மூணு மணிக்கு எல்லாமே ஜொலிச்சது. நான் இளையராஜா ரேஞ்சுக்குக் கனவோட தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை அவன் சி.டி.யோட ஊருக்குப் போனான். திங்கட்கிழமை வந்தவன் ரொம்ப நேரம் வாயே திறக்கலை. அப்புறம் மெதுவா சொன்னான்: "எங்கம்மா, 'பாடுதது யாருல?'ன்னு கேட்டுட்டாங்க. நான்தான்னு சொல்லியும் நம்பலை. என் குரல் அவ்ளோ கேவலமாவா இருந்துச்சு? அதான் மாத்திட்டியா?"

சுருக்குனு இருந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டினேன். ராத்திரி தேன், காலையில தகரம்! 'ச', 'ஸ' வர்ற இடமெல்லாம் பாம்பு சீறுது. ஃபேன் சத்தம்கூட 'நானும் பாடுறேன்'னு வந்து நிக்குது. நண்பனை மட்டும் காணோம்.

என்ன நடந்தது தெரியுமா? ஈக்வலைஸர், இருக்கிற சத்தத்தை ஏத்தும், இறக்கும். எக்ஸைட்டர் வகை என்ஹான்ஸர் அப்படி இல்லை. குரலோட மேல் பகுதியை மட்டும் பிரிச்சு, வேணும்னே லேசாச் சிதைச்சு, இல்லாத ஹார்மானிக்ஸைப் புதுசா உண்டாக்கும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 8,000, 12,000னு கிளைவிட வைக்கும். அதைத் துளியூண்டு மூலக்குரலோட கலக்கணும். அதாவது, அது ஒரு அளவான அழுக்கு. சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி! கட்டியை முழுசாப் போட்டா யாரு சாப்பிடுறது?

1970களின் நடுவில அமெரிக்காவில் 'அபெக்ஸ் ஆரல் எக்ஸைட்டர்' வந்தப்போ, அந்தப் பெட்டியை விற்கவே இல்லை, வாடகைக்குத்தான் விட்டாங்க. முடிஞ்ச பாட்டோட ஒவ்வொரு நிமிஷத்துக்கும் 30 டாலர். நாலு நிமிஷப் பாட்டுக்கு 120 டாலர். மீட்டர் ஓடுற ஆட்டோவில் ஊரைச் சுத்துவோமா? நமக்கோ எல்லாம் ஓசி. மவுஸை இழுத்தா போதும். கை எப்படிங்க நிக்கும்?

கை நிக்காததுக்குக் காதும் ஒரு காரணம். ஒரே பாட்டை ரெண்டு தடவை போட்டு, ஒண்ணை ஒரு பொட்டு சத்தமா வெச்சா, அதுதான் நல்லாருக்குன்னு காது சத்தியம் பண்ணும். என்ஹான்ஸர் போட்டா சத்தமும் சேர்ந்தே ஏறும். நாம அதைத் 'தரம்'னு நினைச்சுக்குவோம். அடுத்து, பழக்கம். ஊதுபத்தி ஏத்தின ரூம்ல பத்து நிமிஷம் உட்கார்ந்தா வாசனை தெரியாதில்ல? பளபளப்பும் அப்படித்தான். பழகப் பழக இன்னும் கேட்கும்.

நல்லவேளை, பாடின ஒரிஜினல் ஃபைலை அழிக்கலை. (நீங்களும் அழிச்சிடாதீங்க, ப்ளீஸ்!) எல்லாத்தையும் கழட்டிட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். ஃபேன் இரைச்சலை முதல்ல குறைச்சேன். குரலுக்கு மட்டும் என்ஹான்ஸர். 'ஆஹா, கேட்குது'ங்கிற இடம் வரைக்கும் ஏத்தி, அதுல பாதிக்கு இறக்கினேன். போட்டதும் போடாததும் ஒரே சத்தத்துல இருக்கிற மாதிரி வெச்சு, மாத்தி மாத்திக் கேட்டேன். போட்டிருக்கிறது தெரியக்கூடாது, எடுத்தா மட்டும் ஏதோ குறையணும். அதான் சரியான அளவு. தூங்கி எழுந்து, காலையில இன்னொரு தடவை. அப்புறம் மெஸ் டி.வி. ஸ்பீக்கர்ல ஒரு தடவை.

இன்னிக்கு உங்க கையில இருக்கிற மொபைல்லயே குரலைப் பளபளப்பாக்குற ஆப் இருக்கு. தாராளமா யூஸ் பண்ணுங்க பாஸ். ஆனா, அதை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... நீங்க மறைக்கப் பார்க்கிறது குறையையா, இல்லை உங்களையேவா?

எங்க பாட்டுக்குப் பரிசு கிடைச்சதான்னு கேட்கிறீங்களா? ம்ஹூம், ஆறுதல் பரிசுகூட இல்லை. ஆனா ரெண்டாவது சி.டி.யை எடுத்துட்டுப் போனவன், ஊர்ல இருந்தே போன் பண்ணினான். சிரிப்பு தாங்கலை அவனுக்கு. முதல் வரி முடியறதுக்குள்ள அம்மா சமையல்கட்டுல இருந்து கரண்டியோட ஓடி வந்துட்டாங்களாம்.

"ஏல, அன்னிக்கு ஒனக்குச் சளி புடிச்சிருந்துச்சா? ஒரு வார்த்தை சொன்னியால?"