திரும்பி வர ஒரு வழி

சென்ற ஐப்பசியில் அடைமழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு நம் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. மாங்காட்டிலிருந்து போரூர் அதிகத் தொலைவில்லை. வாசலில் நின்ற நம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் அவரை அமர்த்திப் புறப்பட்டோம். பாதி வழியில் வண்டி இருமுறை திணறிற்று. பின் ஓசையின்றி நின்றுவிட்டது. விளக்குகள் எரிந்தன. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழன்றது. ஆனால் பற்றவில்லை. அவ்வழியே வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், வாடகை ஏதும் பேசாமல், தாயாரைக் கைத்தாங்கலாகத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், உரிய நேரத்தில் மருத்துவம் கிடைத்தது. மூன்றாம் நாள் தாயார் நலமுடன் வீடு திரும்பினார்.

இத்தகைய நேரத்தில் சொந்த வண்டியை நம்பாது 108க்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும் என்பதே அவ்விரவு நமக்குக் கற்பித்த முதற்பாடம். இரண்டாவது பாடம் வண்டியைப் பற்றியது. அதை உணர நமக்குச் சில வாரங்கள் ஆயின.

நம் மக்கள் இருவரும் ஒரே குரலில் பேசினர். "அத்தா, ஒன்று இதைக் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் அந்தப் பாயின்ட் செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துங்கள்" என்றனர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனினும் நமக்கு மனம் வரவில்லை. அது மர்ஹூம் நம் அத்தா 1979இல் இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்து வந்தது. 948 கன சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய எஞ்சின். முன்மூடியைத் தூக்கினால் சக்கரங்களின் மேலுள்ள தகடுகளும் சேர்ந்தே எழும். எஞ்சின் முழுதும் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். அந்நிறுவனம் 1980களின் இறுதியில் வாகனம் செய்வதை நிறுத்திவிட்டது. வண்டிகள் சில மட்டும் நம் போன்றோர் வீடுகளில் எஞ்சி நிற்கின்றன.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் புறப்படுமுன், அத்தா டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாயின்ட்டைத் துடைப்பார். விளக்குப் பிடிப்பது நம் வேலை. அன்று அவர் விளக்கிச் சொன்னதை இன்றும் நாம் அப்படியே சொல்ல முடியும். பாயின்ட்டின் இரு முனைகளும் சேர்ந்திருக்கையில் பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலில் பாய்ந்து அதைக் காந்தமாக்குகிறது. முனைகள் பிரியும் கணத்தில் அக்காந்தம் குலைந்து, பல்லாயிரம் வோல்ட் எழுந்து, ரோட்டார் வழியாக உரிய ஸ்பார்க் பிளக்கைச் சென்று சேர்கிறது. முனைகள் பிரிகையில் அங்கே பொறி பறந்து அவை கருகாதபடி காப்பது கண்டென்சர். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்தளித்த முறை இது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றினால், அந்தச் சிறு முனைகள் வினாடிக்கு 100 முறை திறந்து மூடவேண்டும். இத்தனை உழைப்பில் அவை தேய்வது வியப்பன்று. தேயத் தேய இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பொறி காலம் தாழ்ந்து பிறக்கிறது.

கடைகளில் விசாரித்தோம். வழிகள் மூன்று எனத் தெரிந்தது. முதலாவது, பாயின்ட்டை இருந்த இடத்திலேயே விட்டு, கனத்த மின்சாரத்தைச் சுமக்கும் வேலையை மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியிடம் ஒப்படைப்பது. இதனால் முனைகள் கருகுவதில்லை. ஆயினும் உராய்வால் வரும் தேய்வு நிற்காது. இரண்டாவது, பாயின்ட்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு, அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்டின் மேல் ஒரு காந்த வளையத்தையும் அருகில் ஓர் உணர்கருவியையும் வைப்பது. எட்வின் ஹால் என்பவர் 1879இல் கண்டறிந்த மின்காந்த விளைவே இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கு அடிப்படை. இதில் தொட்டு உராயும் பொருள் ஏதுமில்லை. மூன்றாவது, பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை முழுமையாக வைப்பது.

விலையைப் பார்த்து இரண்டாவதை வாங்கிவிடலாம் என்றிருந்தோம். வாங்குமுன் பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் அத்தா காலத்திலிருந்தே இவ்வண்டியை அறிந்தவர். நாம் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, விடை கூறாமல் மூடியைக் கழற்றி, தண்டின் தலையை இரு விரல்களால் பற்றி அசைத்தார். தண்டு ஆடிற்று. 

"பாய், தண்டு ஆடுது பாருங்க. புஷ் தேஞ்சுபோச்சு. இதுமேல எந்தக் கருவிய வெச்சாலும் அதுவும் சேர்ந்துதான் ஆடும்" என்றார்.

பிறகு வாக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே தகடு நகரவில்லை, சவ்வு கிழிந்திருந்தது. தகட்டின் அடியில் இருந்த எடைகள் துருவேறி இறுகியிருந்தன. எஞ்சின் வேகம் கூடும்போது பொறியை முற்படுத்துவது இவற்றின் பணி. புதிய கருவி இவற்றில் ஒன்றையும் சீர்செய்யாது. அன்றிரவு நம்மைக் கைவிட்டது எதுவென்று கேட்டோம். சுண்டுவிரல் அளவு கூட இல்லாத கண்டென்சரை எடுத்துக் காட்டினார். அது சில மாதங்களுக்கு முன் நாமே ஒரு கடையில் விலை குறைவென்று வாங்கியது. குற்றம் கெட்டரிங் முறையில் இல்லை. நம் சிக்கனத்தில் இருந்தது.

"அப்படியானால் பாயின்ட்டே போதும் என்கிறீர்களா, மேஸ்திரி?" என்றோம்.

"போதும்னு சொல்லல. பாயின்ட் நிக்கறதுக்கு முன்னாடி பத்து நாள் இருமிக் காட்டும். எலெக்ட்ரானிக் இருமாது, நின்னா நின்னதுதான். ஆனா மாசாமாசம் கை வெக்க வேணாம். உங்களுக்கு எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

மதரஸாவில் ஸர்ஃபு பாடம் நடத்துகையில், ஒரு சொல்லின் மூல எழுத்துகள் எவை, கூடுதலாக வந்தவை எவை என்று முதலில் பிரித்தறியுமாறு மாணவரிடம் சொல்வோம். மூலத்தை அறியாதவன் கூடுதலின் பொருளையும் அறியான். முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குச் சொல்லி வந்த இதை, நம் வீட்டு வண்டியில் நாமே மறந்திருந்தோம்.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சீர்செய்தோம். புதிய புஷ் இறக்கி, எடைகளைச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்குகளையும் சவ்வையும் மாற்றினார் மேஸ்திரி. அதன் பின்னரே காந்த வளையம் வகைக் கருவியை வாங்கினோம். வாங்குமுன் இரண்டைச் சரிபார்த்தோம். இவ்வழி செல்ல எண்ணும் அன்பர்களுக்கும் அவை பயன்படும். ஒன்று, பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது என்பது. பிரிட்டிஷ் மரபில் வந்த அக்காலத்து வண்டிகள் பலவற்றில் நேர்முனை உடலோடு இணைந்திருந்தது. நம் வண்டியில் அத்தா காலத்திலேயே அதை மாற்றிவிட்டனர். இது அறியாமல் கம்பிகளை இணைத்தால் கருவி நொடியில் மாளும். மற்றொன்று, காயிலின் மின்தடை. மூன்று ஓம் வேண்டும் கருவிக்கு ஒன்றரை ஓம் காயிலைக் கொடுத்தால் அது சூடேறி அழியும். மல்டிமீட்டர் வைத்து அளப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பொருத்திய பின், எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்தே விட்டுவைக்கலாகாது என்பதையும் நினைவில் கொள்க.

மைலேஜ் கூடிற்று என்று நாம் பெருமை பேச மாட்டோம். செவ்வையாக அமைத்த பாயின்ட்டை விட இது அதிக வலிமை தருவதாகவும் நமக்குத் தோன்றவில்லை. இதன் சிறப்பு, நேற்றிருந்த நிலையில் இன்றும் இருப்பதுதான். ஃபஜ்ரு வேளையின் குளிரிலும் முதல் திருப்பிலேயே எஞ்சின் பற்றுகிறது.

மூன்று வழிகளுள் இரண்டாவதை நாம் தேர்ந்ததற்கு விலை மட்டும் காரணமன்று. அதிலிருந்து திரும்பி வர இயலும். கருவி வழியில் நின்றுவிட்டால், அதைக் கழற்றி, பழைய தகட்டோடு பாயின்ட்டையும் நல்ல கண்டென்சர் ஒன்றையும் வைத்து, அரைமணி நேரத்தில் வீடு வந்து சேரலாம். எந்த மாற்றத்தையும், தவறினால் பழைய இடத்திற்கு மீள ஒரு வழியை விட்டுவைத்துச் செய்வது நலம் என்பது நம் துணிபு.

அந்தப் பழைய பொருள்களை வைக்க டிக்கியில் ஒரு தகரப்பெட்டி தேடியபோது அத்தாவின் பெட்டியே கிடைத்தது. மூடியின் உட்புறம், அரபுத்தமிழில், அவர் கையால் எழுதிய ஒரு வரி: பாயின்ட் இடைவெளி 15. அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்ததில் 15 பங்கு என்பது அதன் பொருள். நம் மக்கள் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ துஆ என்று எண்ணினர். படித்துக் காட்டினோம், சிரித்தனர். பிறகு சின்னவன், "அத்தா, பாயின்ட் வைத்தபின் நேரம் சரிபார்ப்பது எப்படி?" என்று கேட்டான். காயிலின் கம்பிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்து, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினால், பாயின்ட் திறக்கும் கணத்தில் அது எரியும் என்று செய்து காட்டினோம். இம்முறை விளக்கைப் பிடித்தவன் அவன்.

அந்த வரிக்குக் கீழே, தமிழ் எழுத்தில், செய்முறை முழுவதையும் அவனே எழுதி வைத்திருக்கிறான்.