கொல்லை கூப்பிடும், கதை கூப்பிடாது

1920-களில் பிரிட்டிஷ் மலாயாவில் வந்த தொழிலாளர் சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு உண்டு. குடும்பத்தோடு இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஆளுக்கு 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்றது அது. கணக்குப் போட்டால் ஆறேகால் செண்டு, சுமார் 2,722 சதுர அடி. எந்தத் தோட்டம் கொடுத்தது, எது ஏய்த்தது என்பது தனிக்கதை. ஆனால் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மண்ணில் பயிர் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக ஊன்றிவிட்டது. கித்தா மரம் துரையுடையது. நிரை கங்காணி காட்டிய நிரை. கொல்லையில் காய்த்த கத்தரிக்காய் மட்டும் அம்மாவுடையது.

மலாக்காவின் டுரியான் துங்காலைச் சுற்றியிருந்த கித்தாக் காடுகளில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. எங்கள் குடியிருப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால் நாலைந்து குடும்பங்கள் பாத்தி பிரித்துப் பயிர் செய்கிறோம். என் பாத்தியில் வெண்டை, பயத்தங்காய், பச்சை மிளகாய். ஓரத்தில் ஒரு முருங்கை. கூடவே நாவல் ஒன்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது மெதுவாகத்தான் நகர்கிறது. “கொல்லையையும் பார்த்துக்கிட்டு எப்படித் தாத்தா எழுத முடியுது?” என்று இளையவர்கள் கேட்கிறார்கள். விதை போடுவதும் கதை எழுதுவதும் ஒரே பொறுமைதானே என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பூ விழுந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். நுனியை ஒடித்துப் பார்த்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். இரண்டு நாள் அசந்தால் நார் பாய்ந்து, வளைத்தாலும் ஒடியாமல் தொங்கும். அப்புறம் விதைக்குத்தான் ஆகும். காயைச் செடியிலேயே முற்ற விட்டால் புதுப் பூவும் குறையும். மிளகாயும் அப்படித்தான், இலை சுருண்டால் அன்றைக்கே இலைக்கு அடியில் திருப்பிப் பார்க்க வேண்டும். என்ன கோளாறு என்று செடியே சொல்லிவிடும். கதை எதையும் சொல்லாது. ஓர் அத்தியாயம் கெட்டுப்போயிருந்தாலும் நோட்டுப் புத்தகத்துக்குள் அழகாகத்தான் தெரியும். இரண்டு மாதம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால்தான் எந்த வரி பொய் என்று கண்ணில் படும்.

ஆகவே இரண்டுக்கும் சமமாக நேரம் பிரித்துக் கொடுப்பது நடக்காத காரியம். கொல்லை கூப்பிடும். புல் மண்டும், கொடி சரியும், பக்கத்துப் பாத்திக்காரர் குரல் கொடுப்பார். கதை ஒருநாளும் கூப்பிடாது. அதனால் அதற்குத்தான் முதல் நேரம். நம் ஊரில் பொழுது விடிய ஏழு மணியாகிவிடுகிறது. அதற்கு முந்திய இருட்டில் மண்ணில் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரம் கதைக்கு. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று இருட்டிலேயே எழுந்து ஓடிய பால்வெட்டுக்காரர்களின் பிள்ளைகள் நாம். விடியுமுன் எழுவது நமக்குப் புதிதல்ல. வெளிச்சம் வந்ததும் பேனாவை மூடிவிட்டு மண்வெட்டியை எடுக்கிறேன். ஒன்பதரைக்கு மேல் வெயில் நிற்க விடாது.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? கூடை நிறையக் காயோடு வீட்டுக்கு வருகிறவனுக்கு அன்றைய வேலை முடிந்துவிட்ட நிறைவு வந்துவிடும். நல்ல நிறைவுதான். ஆனால் அதற்குப் பிறகு யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை.

ஓய்வு கிடைத்தால் எழுதிவிடலாம் என்பதையும் நான் நம்புவதில்லை. 1991-இல் டுரியான் துங்கால் அணை வறண்டு மலாக்கா மாநிலமே தண்ணீருக்குத் தவித்தது. குடிக்கவே பங்கீடு என்றால் கொல்லைக்கு ஏது? தோட்டக் கிராணியாக இருந்த என் நண்பர், “இப்போதாவது அந்தக் கதையை முடித்துவிடுகிறேன்” என்றார். மழை வந்து மறுபடி பாத்தி கட்டும்வரை ஒரு பக்கமும் எழுதவில்லை. கொல்லை அவர் கையைக் கட்டியிருக்கவில்லை. தினமும் உட்காரும் பழக்கம்தான் அவரிடம் இல்லை.

மண்ணும் எழுத்துமாக வாழ்ந்தவர் என்று கி. ராஜநாராயணனை நினைத்துக்கொள்கிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் கிராமத்துச் சம்சாரி. ‘மாயமான்’ கதை 1958-இல் ‘சரஸ்வதி’யில் வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ‘கோபல்ல கிராமம்’ நாவல் வந்தது 1976-இல். இடையில் பதினெட்டு ஆண்டுகள். நாவல் அவசரப்படாது, ஆனால் தனியாகவும் வளராது. அதே இடைசெவலில் பிறந்த அவருடைய தோழர் கு. அழகிரிசாமி 1952-இல் கோலாலம்பூருக்கு வந்து, 1957 வரை ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றினார்; நம் ஊர் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அதற்குச் சற்று முன், 1950 வாக்கில், அதே பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். செடி சொல்வதுபோல் கதை தன் நோயைச் சொல்லாததால், சொல்வதற்கு மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். இன்றும் வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்ட இரண்டு பேராவது இல்லாதவர்கள் முதலில் அவர்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

நாவல் காத்திருக்கும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. சயாம் ரயில் பாதையை நம்மவர்களின் உயிரைக் குடித்து ஜப்பானியர்கள் 1943 அக்டோபரில் முடித்தார்கள். 415 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் வந்ததோ 1993-இல். ஐம்பது ஆண்டுகள் கழித்து என்றாலும், அந்தச் சாவுகளை அறிந்தவர்கள் சொல்ல, கேட்டு வைத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். என் கவலை இங்கேதான். மாச்சாப் பக்கமும் அலோர் காஜா பக்கமும் லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாவலை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் எழுதலாம். கேட்பதைத் தள்ளிப்போட முடியாது. லயத்துப் பின்கட்டில் என்னென்ன போட்டிருந்தார்கள், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியை எப்படிச் சமைத்தார்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோது பிடுங்கிக் கொண்டுவந்த செடி எது என்று உங்கள் வீட்டுப் பாட்டியிடம் இந்த வாரமே கேளுங்கள். அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதை பிறகு வரட்டும்.