ஓர் அங்குலம், ஒரு மைல்

இந்திய நில அளவைத் துறையின் கணக்கில் மறையூருக்கு ஒரு முகவரி உண்டு: 58 எஃப்/3. பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் கொண்ட சதுரம் அது. வடக்கெல்லை 10 டிகிரி 30 நிமிடம், தெற்கெல்லை 10 டிகிரி 15 நிமிடம். மறையூர் அந்தத் தெற்கு விளிம்பை ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்று வரைந்த பழைய தாளில் ஊரிலிருந்து இரண்டங்குலம் கீழே இறங்குவதற்குள் தாளே முடிந்துவிடும். காந்தளூருக்குப் போக 58 எஃப்/4 வேண்டும். மூணாறும் அதில்தான். வட்டவடைப் பக்கம் ஒதுங்கினால் 77 டிகிரி 15 நிமிடக் கோடு வந்துவிடும். அங்கே மூன்றாவது தாள் தொடங்குகிறது. அஞ்சுநாடு என்று தன்னை ஒரே நாடாக எண்ணிக்கொண்ட மலைப்பகுதியை முழுசாகப் பார்க்க, கத்தரிக்கோலும் பசையும் கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

என் அப்பா உடுமலையிலிருந்து வந்து மறையூர்க் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து நான் ஊரைக் கற்றுக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களை ஆளை வைத்து அல்ல, எந்தத் திசையிலிருந்து நடந்து வந்தார்கள் என்பதை வைத்துத்தான் அடையாளம் தெரியும். காந்தளூர், கீழாந்தூர்க்காரர்கள் மேட்டிலிருந்து இறங்குவார்கள். மூட்டையில் பூண்டு இருக்கும், வாசனை அவர்களுக்கு முன்னால் கடைக்குள் வந்துவிடும். முதுவர் குடிகளிலிருந்து வருகிறவர்கள் தேனும் புல்தைலமும் கொண்டுவருவார்கள். தலைப்பாகையை அவிழ்க்காமல், ஒரு ஓரமாக நின்று, கடையில் கூட்டம் குறைந்தபிறகே பேச்சைத் தொடங்குவார்கள். கோவில்கடவுக்காரர்கள் மட்டும் கைவீசிக்கொண்டு வருவார்கள். பக்கத்து ஊர்தானே.

இவர்களெல்லாம் எங்கிருந்து, எந்த வழியாக வந்தார்கள் என்பது கடைப்பையனுக்குத் தெரியாது. மேட்டுக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டால், “இன்னொரு மேடு” என்பார். அவர் சொன்னது சரிதான் என்று வரைபடத்தைப் பார்த்தபோது தெரிந்தது. பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் அப்படி நெருங்கிக் கிடக்கின்றன.

ஊரைவிட்டு வந்து வெகுகாலம் கழித்து ஒரு நண்பர் மூலமாகப் பழைய தாள்களின் நகல் கிடைத்தது. முதலில் பார்த்தது ரோட்டை அல்ல, ஆற்றைத்தான். கேரளத்தில் 44 ஆறுகள். அவற்றில் கபினி, பவானி, பாம்பாறு என்ற மூன்று மட்டும் கிழக்கே ஓடுகின்றன என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். தாளில் அந்த நீலக்கோட்டை விரலால் தொடர்ந்து போவது வேறு அனுபவம். எரவிகுளத்து மலைகளிலிருந்து இறங்கி, மறையூரைத் தொட்டு, தூவானத்தில் விழுந்து, சின்னாற்றோடு கூடி, அமராவதியாகிக் கரூர் பக்கம் காவிரிக்குப் போகிறது. எங்கள் வீட்டு ஓட்டில் விழுந்த மழை கரூருக்குப் போயிருக்கிறது! மலையின் மறுபக்கம் மூணாறில் பெய்வதெல்லாம் பெரியாறு வழியாக அரபிக்கடலுக்கு. மூணாறு 40 கிலோமீட்டர், உடுமலை ஏறத்தாழ அதே தூரம். ஆனால் மூணாறு மழையில் ஊறிக்கிடக்கும் ஆடி மாதத்தில் சின்னாற்றுக் காடு கள்ளியும் முள்ளுமாகக் காய்ந்து நிற்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டர்தான் அங்கே மழை. மறையூர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால்தான் இங்கே சந்தனம் தானாக முளைக்கிறது, கரும்பு இனிக்கிறது.

பழைய தாள்களின் குறிவிளக்கத்தில் வழிகளுக்கு ஒரு சாதிப் பிரிவினையே உண்டு. வண்டி போகும் ரோடு, வண்டித்தடம், பொதிமாட்டுத் தடம், கடைசியாக ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதை. நம் ஆட்கள் எல்லாரும் கடைசி இரண்டிலேதான் வாழ்ந்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிக்கோடுகளைப் பென்சிலால் தொடர்ந்தால் ஒன்று விளங்கும். அஞ்சுநாட்டின் கண் கிழக்கே இருந்தது. சின்னாறு வழியாக உடுமலைச் சீமைக்கு ஒன்று. காந்தளூருக்கு அப்பால் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒன்று. கோவிலூரிலிருந்து கிளாவரை, பூண்டி என்று கொடைக்கானல் மேல்மலைக்கு ஒன்று. தெற்கே போடிக்கு இறங்குகிற கணவாய்கள். மதுரையிலிருந்து வந்தோம் என்று வெள்ளாளரும் சொல்கிறார்கள், முதுவரும் சொல்கிறார்கள். வந்த கதைகள் வேறு வேறு. வந்த திசை ஒன்றுதான். அதை வரைபடம் ஆட்சேபிக்கவில்லை.

இந்த மலைகளை முதலில் அளந்தவர்களில் பெஞ்சமின் ஸ்வைன் வார்டு முக்கியமானவர். பீட்டர் அயர் கானரோடு சேர்ந்து 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தார். பிறகு 1821இல் பழனி மலைப்பகுதியை அளந்து ஓர் அறிக்கை எழுதினார். அதன் தலைப்பிலேயே வராகிரி மலைகளோடு கண்ணன் தேவன் மலைகளும் இருக்கின்றன. தேயிலைப் பொட்டலத்தில் நாடெங்கும் தெரிந்த பெயர் இது. பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ அந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தது 1877இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பெயர் எழுத்தில் ஏறிவிட்டது. கண்ணன் தேவன் அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவர் என்பது ஊர் வழக்கு. தேயிலைக் கம்பெனிதான் அந்தப் பெயரை உண்டாக்கியது என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வார்டின் அறிக்கையே போதுமான பதில்.

வார்டின் காலத்து அளவையெல்லாம் பிற்பாடு ‘அட்லஸ் ஆஃப் இந்தியா’ என்ற வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு மைல் ஓர் அங்குலம். சமஉயரக் கோடு கிடையாது. சரிவைச் சின்னச் சின்னக் கீறல்களால் காட்டுவார்கள். அதில் மலைத்தொடர்கள் கம்பளிப்புழு ஊர்கிற மாதிரி இருக்கும். பார்க்க அழகு, நடக்க உதவாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்ண அச்சும் சமஉயரக் கோடும் வந்த பிறகுதான் மேடு பள்ளம் கண்ணுக்குப் பிடிபட்டது.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு காந்தளூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். இளமையில் பூண்டு மூட்டை சுமந்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். தாளை விரித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“ஆறு எங்க இருக்கு தம்பி?”

காட்டினேன். தாளைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். வடக்கு எங்கே என்பது அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் நான் அதிகம் பேசவில்லை. விரலை வைத்து ஏறினார். கோடுகள் நெருக்கமாக இருந்த ஓர் இடத்தில் நிறுத்தி, “இந்த ஏத்தம் தெரியுதா? மாடே நின்னு நின்னுதான் ஏறும். மேல போனா ஒரு பாறை. மூட்டைய எறக்காம சாஞ்சுக்கிடலாம். இது போட்டவன் அதப் போடலியே?” என்றார்.

“அவங்க இவ்வளவு சின்னதெல்லாம் போட மாட்டாங்கய்யா.”

“சின்னதா? நீ மூட்டைய சொமந்து பாரு.”

அந்த ஒரு மாலையில் அவர் சொன்ன இடப்பெயர்களில் பாதிக்குமேல் தாளில் இல்லை. தண்ணீர் குடிக்கிற ஊற்று, யானை வந்தால் ஒதுங்குகிற பாறை இடுக்கு, உடுமலைச் சந்தைக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு அவிழ்க்கிற மரத்தடி. முதுவர் குடிகள் விஷயத்தில் வரைபடம் இன்னும் மோசம். குடி இடம் மாறும். அச்சில் ஏறியது மாறாது. “இந்தக் குடி இங்க இல்ல, ஆத்துக்கு அக்கரை போயி எம்மாங்காலம் ஆச்சு” என்று இரண்டு இடத்தில் சொன்னார். அளந்தவர்களுக்கு வழிகாட்டியும் சங்கிலி பிடித்தும் பெயர் சொல்லியும் உதவியவர்கள் இவருடைய பாட்டன்மார்களாகத்தான் இருக்கவேண்டும். தாளின் ஓரத்தில் அளவைத் துறையின் பெயர் இருக்கிறது, அச்சிட்ட வருஷம் இருக்கிறது; அவர்கள் பெயர் கிடையாது.

அதே சமயம், தாளை வைத்துக்கொண்டுதான் சில பழைய விஷயங்களை நிதானமாகப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனக்கோட்டைப் பாறையின் முனியறைகளில் சிறுவயதில் ஒளிந்து விளையாடியிருக்கிறோம். நாலு பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். முனிவர்கள் தவம் செய்த அறை என்று கதை. உண்மையில் இரும்புக்காலத்துப் பெருங்கற்படைச் சின்னங்கள். ஏன் அந்த மொட்டைப் பாறைமேல் என்பது அப்போது யாருக்கும் தோன்றாத கேள்வி. வரைபடத்தில் பார்த்தால், பாம்பாற்றுப் பள்ளத்தாக்குக்குள் யார் வந்தாலும் கண்ணில் படுகிற மேடு அது. கீழே கோவில்கடவில் தென்காசிநாதர் கோயில். இடத்தைத் தேர்ந்தவர்கள் நடந்து பார்த்துத்தான் தேர்ந்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

தெற்குத் தாளில் டாப் ஸ்டேஷன் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஸ்டேஷன்தான் இல்லை. மூணாறிலிருந்து அங்கே குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயில்பாதையை வாரிக்கொண்டு போனது. வடக்குத் தாளில் நேர்மாறு: பழையதில் அமராவதி வெறும் ஆறு, புதியதில் 1950களின் இறுதியில் கட்டிய அணையின் நீலம் அகலமாகப் பரந்திருக்கிறது. இந்த மாதிரி இரண்டு காலத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு போதை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எல்லைக்கோடும் இருக்கிறது. புதிதாக வந்ததல்ல, திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவே இருந்த கோடுதான். 1954இல் தேவிகுளம், பீர்மேட்டைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் நாங்கள் கேரளத்துக்காரர்கள். எனக்கு அதில் இன்று புகார் இல்லை. மறையூருக்குக் கிடைத்த பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேரளம் தந்தவை. ஆனால் ஒற்றையடிப் பாதைகளைக் கொன்றதில் கோட்டுக்குப் பங்கு குறைவுதான். பஸ் கொன்றது, காட்டுச் சட்டம் கொன்றது. சின்னாறு 1984இல் சரணாலயமானது. அந்தப்பக்கம் ஆனைமலைக் காடும் காப்புக்காடு. நரையணிலுக்கும் நட்சத்திர ஆமைக்கும் அது நல்லதாகவே முடிந்தது. பூண்டு மூட்டை இப்போது ஜீப்பில் போகிறது. பூண்டுக்கும் மறையூர் வெல்லத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, வெல்லத்துக்கு 2019இல். சுமந்து போன தடத்துக்கு அப்படி எந்தக் குறியீடும் இல்லை, புள்ளிக்கோட்டைத் தவிர.

இன்று தாள் கிடைப்பது கஷ்டமில்லை. நில அளவைத் துறை தன் வரைபடங்களை இணையத்தில் தருகிறது. 1950களில் அமெரிக்க ராணுவ வரைபடச் சேவை அச்சிட்ட 1:2,50,000 வரிசையை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டிருப்பது அதைப் படித்துச் சொல்லக்கூடிய கிழவர்கள்தான். அஞ்சுநாட்டுப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர்த் தாளைப் பெரிதாக நகலெடுத்து, ஐந்தாறு பிள்ளைகள் கையில் கொடுத்து, எண்பதைத் தாண்டிய ஒருவர் வீட்டுத் திண்ணைக்கு அனுப்புங்கள். வரைபடத்தில் இல்லாத பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளட்டும். பென்சிலில் எழுதுவது உத்தமம். பெரியவர்கள் மறுநாள் மாற்றிச் சொல்வார்கள்.